‘நெருப்புக் கணவாய்’ கேசட்டும் உபதேசியார் குடையும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவள் நான். மொத்தம் ஒரே ஒரு சொல். அதற்கு முன் நான் கற்பனையாக எதையும் படைத்ததில்லை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் மார்க் அட்டையில் ‘முயன்றால் முன்னேறலாம்’ என்று எழுதியதைத் தவிர.

மூன்று வருடமாக இதை ஆரம்பிக்கிறேன், நிறுத்துகிறேன். கிழித்துப் போட்டவற்றில் சிலவற்றை உங்களுக்குக் காட்டுவதில் எனக்கு வெட்கமில்லை.

(அ) ‘கொடைக்கானல் மலையின் மேல் மூடுபனி மெல்லப் படர...’ வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே பனியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். துவைத்த துணி நான்கு நாளாகக் காயாத வீட்டில் இருந்துகொண்டு என்னால் அப்படி எழுத முடியாது.

(ஆ) ‘அருளப்பன் பொய்யே சொல்லாதவர்.’ இதுவும் வேண்டாம். அருளப்பன் ஜீப் ஓட்டுகிறவர். ‘இந்தா கெளம்பிட்டோம், ஏறுங்க’ என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் ஆள் சேர்க்கிறவர்.

(இ) ‘1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம்...’ சரித்திரப் பாடம் போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தாண்டிக்குடி எஸ்டேட் ரோட்டில் ‘நெருப்புக் கணவாய்’ படப்பிடிப்பு நடந்தது. (பெயரை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயர் இதைவிட மோசம்.) அணைக்குக் குண்டு வைக்கும் கும்பல், அதைத் தடுக்கும் சிவப்புச் சட்டைக் கதாநாயகன், இரண்டரை மணி நேரம் துப்பாக்கிச் சத்தம். தமிழ்நாடு முழுக்க நூறு நாள் ஓடியது. படத்தின் உயிர் கடைசிக் காட்சி: இடிந்த பாலத்தின் மேல் கதாநாயகன் ஜீப்போடு பறப்பார். சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்கள், ‘டூப் இல்லாமல் உயிரைப் பணயம் வைத்து நடித்தது’ என்று.

அருளப்பன் சொல்வது வேறு. அன்று வெள்ளனே படக்குழுவுக்கு அரிசி மூட்டை கொண்டுபோயிருந்தார். கதாநாயகன் பாலத்தின் இடைவெளியை எட்டிப் பார்த்தார். உடனே கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கு டூப் போட மெட்ராஸிலிருந்து வந்த சண்டைக்காரருக்குக் குளிர் காய்ச்சல், கம்பளிக்குள் கிடந்தார். டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். அந்த மலையில் ஜீப்பை எங்கே மிதிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சிவப்புச் சட்டையை மாட்டி, தலையில் டோப்பாவை ஒட்டி, அவரை ஏற்றிவிட்டார்கள். ஜீப் பறந்தது. நடு ஆகாயத்தில் டோப்பாவும் தனியாகப் பறந்தது. இறங்கிய வேகத்தில் கணுக்கால் ஒடிந்தது. ‘வேகத்துல மூஞ்சி தெரியாது, ஓகே’ என்றார் டைரக்டர். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்களை இரண்டு வளைவுக்கு அப்பாலேயே கயிறு கட்டி நிறுத்தியிருந்ததால் சாட்சிக்கு ஒரு குருவிகூட இல்லை.

ஊர் சொல்வது: சினிமாக்காரர்கள் கொடுத்த பிராந்தியைக் குடித்துவிட்டு ஓடைக்குள் விழுந்தார்.

ஊர் சொன்னதுதான் நன்றாக இருக்கிறது என்பதை ஓர் எழுத்தாளராக நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சுருக்கமாக இருக்கிறது, நம்பும்படியாகவும் இருக்கிறது.

3

இதில் சிரிக்க முடியாதவர் ஒருவர் இருந்தார். அருளப்பனின் மனைவி செல்வமேரி. கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் துணி துவைக்கிற வேலை.

ஷூட்டிங்குக்கு ஒரு வருடத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் பூசையில், அருளப்பன் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். வெளியே வந்ததும் செல்வமேரி சொன்னது எனக்கும் கேட்டது.

“இனி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சாலும் வத்தலக்குண்டுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பெறகு நீங்க கால்ல விழுந்தாலும் வரமாட்டேன்.”

ஆகவே கால் ஒடிந்தது ஆகாயத்திலா ஓடையிலா என்பது ஊருக்குப் பொழுதுபோக்கு. செல்வமேரிக்கு அது இருப்பதா போவதா என்கிற கேள்வி. தகரப்பெட்டியில் துணிமணியை எடுத்து வைத்தார். ஒடிந்த காலோடு கிடக்கிற மனிதனை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. “படம் வரட்டும், பாப்போம்” என்றார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. வேண்டிய சேலையை அதிலிருந்து எடுத்து உடுத்துவார், துவைப்பார், மடித்து மறுபடி அந்தப் பெட்டிக்குள்ளேயே வைப்பார். நான்கு வருடம்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். செல்வமேரியைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிவிட்டேனா? ஆனால் குடித்த காலத்து அருளப்பனை நீங்கள் பார்த்ததில்லை. நான் அடுத்த தெருவில் குடியிருந்தவள். பெட்டி நியாயமானது.]

படம் தீபாவளிக்கு வந்தது. இருவரும் வத்தலக்குண்டு தியேட்டருக்குப் போனார்கள். ஜீப் பறந்த அந்த ஒரு நொடியில் முன்வரிசை ஆட்கள் கிழித்த காகிதத்தை வாரி இறைத்தார்கள், திரையில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் திருட்டு கேசட் வந்தது. தியேட்டரில் உட்கார்ந்து கள்ளத்தனமாக எடுத்தது, பழனிக்கே போய்ப் பார்த்தார்கள். மிகச் சரியாக அந்த நொடியில் யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றுக்குப் போக எழுந்து நிற்கிறார். அவருடைய காது மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

பெட்டி அப்படியே இருந்தது. ஊரில் அருளப்பனுக்கு ‘டோப்பா’ என்று பெயர் நிலைத்தது. ஒருமுறை “பெருமாள்மலை வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, போகாதீங்க” என்று சொன்னார். டோப்பா சொல்வதை யார் நம்புவார்கள்? பஸ் போனது. ஒரு பகல் முழுக்க அங்கேயே நின்றது. அதில் நானும் இருந்தேன்.

4

1986-இல் ‘நெருப்புக் கணவாய்’ கேசட்டை முறையாக வெளியிட்டார்கள். ஒரிஜினல் பிரிண்டிலிருந்து எடுத்தது. அட்டையில் ஜீப், நெருப்பு, கதாநாயகனின் பல்வரிசை, மறுபடியும் ‘டூப் இல்லாமல்’. பழனியில் பஞ்சாமிர்தக் கடை மாடியில் வீடியோ கடை வைத்திருந்த குமாரவேல்தான் எங்கள் பக்கத்துக் கல்யாணம், கோவில் கொடை, மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவருபவர். அருளப்பன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணே, படத்தை அப்பிடியே நிறுத்திப் பாக்கலாமாமே?”

“பாஸ் பட்டன் இருக்குல்ல. அமுக்குனா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்.”

அருளப்பன் நொண்டி நொண்டி வந்து இந்தச் செய்தியை வீடு வீடாகச் சொன்னார். திருவிழா முடிந்த மறுநாள் பிற்பகல் மாதா கோவிலின் பங்கு மன்றத்தில் படம் என்று முடிவாயிற்று.

எங்கள் மன்றத்தில் படம் போட ஒரு முறை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. பங்குச் சாமியார் படம் பார்க்க அனுமதிப்பார், ஆனால் கோவிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் மரியஅந்தோணி கூடவே இருக்க வேண்டும், கையில் குடையோடு. ஆணும் பெண்ணும் நெருங்கினால் உபதேசியார் டிவிக்கு முன்னால் போய் எங்களைப் பார்த்து நின்றுகொண்டு முதுகுக்குப் பின்னால் கறுப்புக் குடையை விரிப்பார். டிவி மறைந்துவிடும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அது அவருக்கும் பாவம். அப்படியானால் காட்சி முடிந்தது எப்படித் தெரியும்? வயலினை வைத்து. நெருக்கம் தொடங்கினால் வயலின் வரும், முடிந்தால் வயலின் நிற்கும். குடையை மடக்குவார். ஐந்து வருடமாக ஒரு முத்தமும் அவரைத் தாண்டி எங்களை வந்தடைந்ததில்லை.*

* என்னைத் தவிர. நான் கோவில் பாடகர் குழு. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில், டிவிக்கு ஓரமாக உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் குடை மறைக்காது. இதை இதுவரை சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

5

ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு மன்றத்தை இருட்டாக்கினார்கள். இருநூறு பேராவது இருப்பார்கள். அருளப்பன் முன்வரிசையில் ஒரு நாற்காலி, செல்வமேரி பெண்கள் பக்கம் பாயில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அணையில் வைத்த குண்டின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு அவசரத்திலும் கதாநாயகி ஜீப்பை மறித்து, கதாநாயகனின் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறாள். வயலின். உபதேசியார் எழுந்தார். குடை விரிந்தது.

இசையமைப்பாளர் என்ன நினைத்தாரோ, முத்தம் முடிந்தும் வயலினை நிறுத்தவில்லை. ஜீப் கிளம்பும்போதும் வயலின், பாலத்தின் மேல் பறக்கும்போதும் வயலின். ஜீப் தரையில் இறங்கியபோதுதான் நின்றது. உபதேசியார் மனநிறைவோடு குடையை மடக்கினார். திரையில் கதாநாயகன் தலைமுடி கலையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மன்றமே கத்தியது.

“ஏலே குமாரவேலு, பின்னாடி ஓட்டுலே!”

“பின்னாடி ஓட்டுனா அந்தக் கண்றாவி திரும்ப வருமேய்யா” என்றார் உபதேசியார்.

“தலைகீழாத்தான வரும் ஐயா. அந்தப் பொண்ணு கன்னத்துலருந்து வாயை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போயிரும்” என்றார் குமாரவேல்.

“அப்ப அது மனந்திரும்புதல், உபதேசியாரே!” என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். யாரென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், அவர் இப்போது பங்குப் பேரவைத் தலைவர்.

உபதேசியார் யோசித்தார். பின்னோக்கி வருகிற முத்தத்துக்கும் குடை பிடிப்பது என்று தீர்மானித்தார். பிடித்தார். குமாரவேல் கொஞ்சம் அதிகமாகவே ஓட்டிவிட்டார். மறுபடி முன்னால் விட்டபோது முத்தம் நேராக வந்தது. வயலின், குடை. ஜீப் இரண்டாவது தடவையும் யாருக்கும் தெரியாமல் பறந்தது.

மூன்றாவது தடவை குமாரவேல் ஒரு தந்திரம் செய்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டார். வயலின் கேட்காவிட்டால் குடை விரியாது என்று கணக்கு. ஆனால் உபதேசியார் கெட்டிக்காரர், சந்தேகப்பட்டு முன்கூட்டியே விரித்துவிட்டார். வயலின் கேட்காததால் எப்போது மடக்குவது என்றும் அவருக்குத் தெரியவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவர் குடையோடு நின்றுகொண்டேயிருந்தார்.

செல்வமேரி எழுந்து போனார்.

“குடையக் குடுங்க. நான் பிடிக்கேன்.”

“பொம்பளப்புள்ள, நீ எப்படி...”

“நாலு வருசமா நான்தான உபதேசியாரே கஷ்டப்படுதேன். குடுங்க.”

கொடுத்துவிட்டார். அவர் கையிலிருந்து யாரும் குடையை வாங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. செல்வமேரி டிவிக்குப் பக்கவாட்டில் நின்றார். முத்தத்துக்குக் குடையை விரித்தார். முத்தம் முடிந்த அந்தக் கணமே மடக்கினார். ஜீப் மேலே எழும்பியது. “அமுக்கு!” என்று இருநூறு பேரும் ஒரே குரலில். குமாரவேல் அமுக்கினார்.

படம் நின்றது. சிவப்புச் சட்டை தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடுகள் நடுங்கின. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்த குமாரவேல் எதையோ திருகினார். டெக்குக்குள் கரகரவென்று சத்தம். திறந்து பார்த்தால் நாடா சுருள் சுருளாகச் சிக்கிக் கசங்கிப் போயிருந்தது. மிகச் சரியாக அந்த இடத்தில்.

6

இப்போது என் பங்கு.

செல்வமேரி மடக்கிய குடையோடு மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஜோசப்பின் டீச்சர். நீங்க ஓரத்துல இருந்தீங்க. மூணு தடவையும் ஒங்களுக்குக் குடை மறைக்கலை.”

என் ஐந்து வருட ரகசியம் இருநூறு பேருக்கு முன்னால் உடைந்தது. உபதேசியார் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

“சொல்லுங்க. அது யாரு?”

அருளப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது [நம்பிக்கை] [கெஞ்சல்] [பயம்]. மூன்றையும் எழுதி மூன்றையும் அடித்தேன். எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உண்மை என்னவென்றால் நான் எதையும் பார்க்கவில்லை. கடைசிக் காட்சி தொடங்கியதிலிருந்து என் கையில் ஆவி பறக்கும் காப்பி டம்ளர். குளிருக்கு அதை முகத்துக்குக் கீழேயே வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்தேன், மறுபடி படிந்தது. மூன்று தடவையும் நான் பார்த்தது ஒரு சிவப்புக் கறை இடமிருந்து வலமாகப் போனதை மட்டும். மற்றதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது.

“அவருதான்” என்றேன்.

என் முதல் கதை அதுதான். ஒரே சொல். அதற்குப் பிறகு நான் எழுதியது எதையும் இருநூறு பேர் அப்படிக் கேட்டதில்லை.

மன்றம் வெடித்தது. அருளப்பனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள், ஒடிந்த காலை இடித்துவிட்டார்கள். செல்வமேரி அழவில்லை. குடையை உபதேசியாரிடம் கொடுத்தார். கணவரிடம் போய், “வாங்க, வீட்டுக்குப் போவம், பனி எறங்குது” என்றார். அன்று மாலை அவர்கள் வீட்டுக் கொடியில் அவருடைய எட்டுச் சேலையும் தொங்கின. பெட்டியிலேயே கிடந்த வாடை போகட்டும் என்று விரித்துப் போட்டிருந்தார்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். மறுநாள் காலை அருளப்பன் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

பள்ளிக்கூட வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் உள்ளே போகும்வரை காத்திருந்து, என்னிடம் வந்தார்.

“டீச்சர், நெசமாவே பாத்தீங்களா?”

“ஏன் கேக்குறீங்க?”

“இல்ல... நல்லாத் தெரிஞ்சுதா? என் மூஞ்சிதானா?”

ஓட்டினவருக்குத் தெரியாதா ஓட்டினது தானென்று?

அவரே சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு.

“நாலு வருசமா எல்லாரும் பொய்யி பொய்யின்னு சொல்லிச் சொல்லி, எனக்கே ஒண்ணும் பிடிபடலை டீச்சர். சில நாளு காலையில எந்திரிச்சா, ஓடையில விழுந்ததுதான் நெசமோன்னு இருக்கும். அதான் கேட்டேன். நீங்க பாத்திருந்தா சரி. நீங்க படிச்சவுங்க.”

படித்தவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன், “உங்க மூஞ்சிதான்.”

அவர் சிரித்தார். “அப்ப வாரேன். தாண்டிக்குடி ஆளுக நிக்காங்க, வெரசாப் போகணும்.” அன்றிலிருந்து அவர் மண் சரிந்திருக்கிறது என்றால் பஸ் நிற்கிறது. குடிப்பதில்லை. இதை மட்டும் நான் என் கண்ணாலேயே பார்த்தேன், ஆவி இல்லாமல்.

8

முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை.

முதல் முடிவு: பழைய டைரக்டர் கொடைக்கானலுக்கு ஓய்வெடுக்க வருகிறார். அருளப்பனின் ஜீப்பிலேயே ஏறுகிறார். ‘நீங்கதானே அன்னைக்கு...’ என்று கட்டிக்கொள்கிறார். இதை எழுதி முடித்ததும் எனக்கே வயலின் கேட்டது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: சாகும் நேரத்தில் அருளப்பன் சாமியாரிடம் எல்லாவற்றையும்... நல்ல மனிதர், நாற்பத்தொன்பது வயதில் கல்லுமாதிரி இருக்கிறார். ஒரு கதைக்காக அவரை என்னால் சாகடிக்க முடியாது.

மூன்றாவது முடிவு: ஆசிரியை தன் பொய்யைச் சபையில் ஒப்புக்கொள்கிறாள். இதன் தலைப்பை மட்டும் எழுதினேன்.

நான்காவது முடிவு எளிது. போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டெக் வந்தது, பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் படம் காட்ட. புது மாடல், நிறுத்தினால் கோடே விழாது. குமாரவேல் கடையைப் புதுப்பித்தபோது பழைய கேசட்டுகளைக் கழித்தார். அதில் நாடா கசங்காத ‘நெருப்புக் கணவாய்’ ஒன்றை எனக்குத் தந்தார். ஆகவே நான் போய்ப் பட்டனை அமுக்கினால் போதும். கதை தானாக முடிந்துவிடும்.

அமுக்க இருந்தேன். டெக் வைத்திருக்கும் அறையின் சாவிகூட வாங்கிவிட்டேன்.

9

போன ஞாயிறு பூசை முடிந்து செல்வமேரி என்னைத் தேடி வந்தார். தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை.

“டீச்சர், ஒங்க ஸ்கூல்ல டெக் வாங்கியிருக்காங்களாமே.”

“ஆமா.”

“அந்தப் படமும் ஒங்ககிட்ட இருக்காம். குமாரவேல் சொன்னாரு.”

“இருக்கு. இன்னும் போட்டுப் பாக்கலை.”

“பாக்காதீங்க.”

அவரே தொடர்ந்தார், கோபமில்லாமல், துணிக்கு எவ்வளவு சோப்பு என்று சொல்லுகிற குரலில்.

“அன்னைக்கு ஒங்க பக்கத்துலதான நின்னேன். ஒங்க கண்ணாடி பூராம் ஆவி. ஒங்க கண்ணே எனக்குத் தெரியலை.”

“தெரிஞ்சுமா எங்கிட்டக் கேட்டீங்க?”

“பெட்டியை எத்தனை வருசம் டீச்சர் கட்டியே வச்சிருக்கது?”

ஜெபமாலையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். “வாரேன். சோலி கெடக்கு” என்று இறங்கிப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். மூன்று வருடமாக ஒரு ஊரையே ஏமாற்றிய கதாசிரியை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை அவர் துவைத்துப் பிழிந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கதையை எழுதியது நானே இல்லை. அவருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல ஒரு வாய் தேடினார், என்னுடையது கிடைத்தது. டூப்பாக நின்றது நான்.

ஆகவே, வாசகரே, கேசட் என் மேசைமேல் இருக்கிறது. கடைகளிலும் கிடைக்கும். பட்டனும் உங்கள் விரலும் உங்கள் இஷ்டம், உங்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தக் கதைக்குள் இருக்கிற டிவி ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன்னால் இப்போது நான் நிற்கிறேன், உங்களைப் பார்த்து, முதுகைத் திரைக்குக் காட்டிக்கொண்டு. ஜீப் பறந்துகொண்டிருக்கிறது. வயலின் கேட்கிறது. உபதேசியாரிடம் குடையை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.